எட்டுத் தெரு வாத்தியார்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். வாத்தியார் வேலைக்கு அது ஆகாது என்பார்கள். என் வேலைக்கு ஆகும். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் பொறுமைசாலியாக இருந்தால், கற்றுக்கொள்கிறவர் நேரே விளக்குக் கம்பத்தில் போய்த்தான் நிற்பார். இருபத்திரண்டு வருஷத்தில் எண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கத்திக் கத்தித்தான் வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் இன்றைக்கு ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வழியில் என்னைப் பார்த்தால் ஹாரன் அடித்துக் கும்பிடு போடுகிறார்கள்.

அவர்களில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. எனக்கு ஹைவேயில் வண்டி ஓட்டப் பயம்.

சிரிக்காதீர்கள். என் பள்ளியின் எல்லை எட்டுத் தெரு, ஒரு ரவுண்டானா, அதைத் தாண்டி டெஸ்ட் எடுக்கிற மைதானம். அவ்வளவுதான். அந்த எட்டுத் தெருவில் எந்தக் கடைக்காரர் எத்தனை மணிக்கு ஷட்டரைத் தூக்குவார், எந்த நாய் எந்த வாசலில் படுக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அங்கேயும் நான் உட்காருவது ஓட்டுகிறவர் இருக்கையில் இல்லை, பக்கத்து இருக்கையில். பயிற்சி வண்டி என்பதால் அங்கே என் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்திருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய அதே மாதம் இந்த வேலைக்கு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கும் அதே வண்டிதான், ஆனால் நானே ஸ்டியரிங்கைப் பிடிப்பதெல்லாம் ஷெட்டிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து காய்கறிக் கடைக்கும்தான்.

ஒரே ஒரு தடவை, ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு ஹைவேயில் ஏறினேன். பத்தாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. கை அப்படியே விறைத்துவிட்டது. எப்படியோ ஓரம் கட்டி, "பஞ்சர்" என்று சொல்லி இறங்கினேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! காற்று கும்மென்று நிறைந்திருந்த நல்ல டயரைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, ஒன்றரை மணி நேரம் வெயிலில் ஆற அமர நட்டு முறுக்கினேன். மிச்ச வழியை ஊர்களுக்குள் புகுந்து போகும் சின்ன ரோடுகளிலேயே உருட்டிக்கொண்டு போய், பந்தி முடியும் நேரத்துக்குச் சேர்ந்தோம். அன்றிலிருந்து, வெளியூர் என்றால் எனக்கு ரயில்தான் பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த லட்சணத்தில்தான் என் மனைவிக்கு நூலகத்திலிருந்து கடிதம் வந்தது.

அவள் பைண்டிங் கடை வைத்திருக்கிறாள். நோட்டு, ரிஜிஸ்டர், பழைய அகராதி எல்லாம் கட்டுவாள் என்றாலும் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆய்வேடுகள். இங்கிருந்து நூற்று முப்பது கிலோமீட்டரில் ஒரு பழைய பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆய்வேட்டைக் கட்ட இவளிடம்தான் வருவார்கள். தையல் போட்டு, பசை காயவைத்து, துணி அட்டை ஒட்டி, முதுகில் தங்க எழுத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் குத்தி அனுப்புவாள். பதினெட்டு வருஷமாக அந்தப் பெயரைத் தங்கத்தில் குத்துகிறாள். ஊரை ஒரு நாள் கண்ணால் பார்த்ததில்லை.

போன மாதம், புதிதாகப் பட்டம் வாங்கிய ஒரு பெண் கடைக்கு வந்து சொன்னாள்: "அக்கா, அங்க லைப்ரரில பாதி ஆய்வேடு முதுகு பிஞ்சு கெடக்கு. நீங்க கட்டினது மட்டும் வெச்ச மாதிரி நிக்குது. லைப்ரரியன் அம்மாவே யார் கட்டினதுன்னு கேட்டாங்க."

அன்று முழுக்க என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே நூலகத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டாள். பதிலும் வந்தது. நான்கு பேருக்கு அனுமதிச் சீட்டு. வெளியாட்களை விடுகிற, மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை. அடியில் ஒரு வரி: அதற்கடுத்த வாரத்திலிருந்து ஆய்வேட்டுக் கூடத்தைப் பழுதுபார்க்க இரண்டு வருஷம் மூடுகிறார்கள்.

"நான் கட்டினதெல்லாம் வரிசையா நிக்கறத ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதுங்க," என்றாள். கடிதத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோதுகூட அவள் முகத்தில் அந்தக் களை இல்லை.

"பாத்துடலாம், அதுக்கென்ன," என்றேன். சொல்லிவிட்டு, பத்தாவது கிலோமீட்டர் லாரியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் திட்டம் போட உட்கார்ந்தோம். நான், மனைவி, பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற மகள், அடுத்த தெருவில் குடியிருக்கிற என் மைத்துனன். மைத்துனனுக்கு மருந்துக்கடையில் வேலை. என்னிடம் வண்டி பழகி மூன்று தடவை டெஸ்டில் கோட்டைவிட்டவன். அதை எந்தச் சபையிலும் என் எதிரிலேயே பெருமையாகச் சொல்வான். திட்டம் எழுதுகிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, கடையிலிருந்து கொண்டுவந்த மருந்துச் சீட்டுக் கட்டைப் பிரித்தான். கை பழக்கத்தில் மருந்து வேளைக் கணக்கிலேயே எழுத ஆரம்பித்தது.

"லைப்ரரி, காலைல ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி," என்று வாசித்தான். "மணிக்கூண்டு, மத்தியானம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். வேற என்ன?"

"பழைய வகுப்பறை மாமா," என்றாள் மகள். பள்ளி நூலகத்திலிருந்து அந்த ஊரைப் பற்றி ஒரு புத்தகமே எடுத்துவந்து அடையாளம் வைத்திருந்தாள். "பெஞ்சு முழுக்கப் படிச்சவங்க பேரு செதுக்கி வெச்சிருக்காங்களாம். நூறு வருஷத்துக்கு முன்னாடி படிச்சவங்க பேரெல்லாம் இருக்கு. அப்புறம் மாடிப்படி. ஏறி ஏறி நடுவுல குழி விழுந்திருக்காம்."

"வகுப்பறை, சாயந்தரம் ஒண்ணு," என்று எழுதினான். "படில ஏறி முட்டி வலிச்சா தைலம் நான் கொண்டு வர்றேன்."

"லைப்ரரிதான் முக்கியம்," என்றாள் மனைவி. "மிச்சத்த எப்படி வேணா மாத்திக்கோங்க. ஒன்பதுக்கு நான் அந்த வாசல்ல நிக்கணும். ஒன்றரை மணி நேரம்தான் விடறாங்க, அதுல அஞ்சு நிமிஷம் போனாலும் எனக்கு மனசு கேக்காது."

நான் மெல்லத் தொண்டையைச் செருமினேன். "ரயில்ல போனா ஜன்னல் ஓரமா ஜாலியா இருக்குமே."

மகள் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தாள். "முதல் ரயிலே பத்து நாப்பதுக்குத்தான்ப்பா அங்க போய்ச் சேரும்."

"பஸ்?"

"ரெண்டு எடத்துல மாறணும். அதுவும் பதினொண்ணு ஆயிடும்."

"முந்தின நாளே போய்த் தங்கிடலாமே."

"வெள்ளிக்கிழம நாலு ஆய்வேடு குடுக்கணும்," என்றாள் மனைவி. "சனிக்கிழம கடைய மூடறதுக்கே கடிதம் வந்ததுலேருந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"அப்ப ஒரு டாக்ஸி..."

மைத்துனன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "அத்தான், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் டாக்ஸி புடிச்சு டூர் போனார்னு தெரிஞ்சா எட்டுத் தெருவும் சிரிக்கும். எனக்கே வெக்கமா இருக்கும், நான் உங்க ஸ்டூடண்ட் வேற."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு, "நம்ம வண்டிலதான் போறோம், சும்மா உங்களச் சீண்டிப் பாத்தேன்," என்று அள்ளிவிட்டேன். அந்த வீட்டில் வீறாப்புக்கு என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பயணத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. நானே பழகிக்கொண்டால் போயிற்று என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஹைவே ஏறும் இடத்துக்குப் போனேன். அங்கே ஓரமாக நிறுத்தினேன். லாரிகள் ஒவ்வொன்றாகப் போயின. இதோ இந்த லாரி போகட்டும், அடுத்ததும் போகட்டும் என்று காத்திருந்ததில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ரோந்து வந்த போலீஸ்காரர். பார்த்ததும் விறைப்பாகச் சல்யூட் அடித்தார்.

"சார்! என்னைத் தெரியலயா? ரவுண்டானால என்ன அழ வெச்சீங்களே. யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களா சார்?"

"ஆமா, ஒரு ஸ்டூடண்ட் வரேன்னு சொன்னாரு. வரல. எனக்கு வர்ற கோபத்துக்கு..." என்று சொல்லி, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வராத ஸ்டூடண்ட் மேல் வந்த கோபம் வீடு வரைக்கும் தணியவில்லை என்பதுதான் வேடிக்கை.

அந்தப் பொய்தான் எனக்கு வழி காட்டியது. கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் போன மாதம்தான் என்னிடம் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தார். மூக்குக் கண்ணாடி விற்கிறவர். "சார், ஹைவேல ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தவர். அவரை வரச்சொல்லி ஓட்டவிட்டு, நான் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். ஹைவேயில் ஏறினோம். லாரி ஹாரன் அடித்தது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை! "கண்ணாடி பாருங்க, ஓரம் வாங்க, ஸ்டியரிங்க என்ன கழுத்த நெரிக்கிற மாதிரி புடிக்கிறீங்க?" என்று வழக்கம்போலக் கத்திக்கொண்டு வந்தேன். நடுவில் விசில்கூட அடித்தேன். பயம் ரோட்டில் இல்லை, இருக்கையில் இருக்கிறது என்று அன்றுதான் பிடிபட்டது.

பிறகென்ன, குயுக்தி தயாராகிவிட்டது. சனிக்கிழமை கண்ணாடிக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போவது. அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்காருவேன். கேட்டால், பாவம், அவருக்கு நெடுந்தூரப் பயிற்சி, வாத்தியார் கடமை. மனிதருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மானமும் போகாது, மனைவியும் ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேஜையில் கூடினோம். மைத்துனனின் சீட்டு இப்போது நான்கு பக்கத்துக்கு வளர்ந்திருந்தது. எத்தனை மணிக்கு எழுவது, யார் முதலில் குளிப்பது, தண்ணீர் பாட்டில் யார் பொறுப்பு, எல்லாம் மூன்று வேளைக் கணக்கில் இருந்தது. மனைவி தன் பழைய ரசீதுப் புத்தகங்களைப் பரப்பிவைத்து, பதினெட்டு வருஷத்தில் அந்த ஊருக்குப் போன ஆய்வேடுகளின் தலைப்பைத் தனித்தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. தவளையின் தோல் பற்றி ஒன்று, பாலம் கட்டுவது பற்றி ஏழு, பழைய வரிவிதிப்பு பற்றி ஒன்று, அது மட்டும் ஆயிரத்து நூறு பக்கம். "இதத் தைக்கும்போது ரெண்டு ஊசி ஒடஞ்சுது," என்று மகளிடம் காட்டினாள். முதலில் எதைப் பார்ப்பது, எதை அடுத்து என்று எண் போட்டிருந்தாள்.

நான் கண்ணாடிக்கடைக்காரர் விஷயத்தைப் போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னேன். நெடுந்தூரப் பயிற்சி, கடமை, இத்யாதி.

"நல்லதுதானே," என்றாள் மனைவி. பிறகு விரல் விட்டு எண்ணினாள். "ஆனா அஞ்சு பேரு ஆகுதே."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வண்டி சின்ன வண்டி. பின்னால் இரண்டே பெல்ட். பெல்ட் போடாமல் நடுவில் ஒரு ஆளைத் திணிக்கிறவர்களைப் பற்றி வாரத்துக்கு ஒரு தடவையாவது இதே மேஜையில் காட்டுக் கத்தல் கத்துகிறவன் நான். யாரும் வாய் திறப்பதற்குள் மகள் அதை எனக்கே திருப்பிச் சொன்னாள்.

"நடுவுல உக்கார வெக்கறது கொலைக்குச் சமம்னு நீங்கதானேப்பா சொல்வீங்க."

"நான் வரல," என்றான் மைத்துனன். சட்டென்று சொல்லிவிட்டான், ஆனால் பார்வை நான்கு பக்கச் சீட்டின் மேலேயே இருந்தது.

"நீ வராம எப்படிடா? இவ்ளோ எழுதியிருக்க," என்றாள் அவன் அக்கா. "பாப்பா, நீயும் போகணும். அடுத்த வருஷம் அங்கதான் படிக்கணும்னு ஆசப்படற, பாத்துட்டு வரணும்ல." கொஞ்ச நேரம் தன் தாளைப் பார்த்தாள். பிறகு அதை மகள் பக்கம் தள்ளினாள். "நான் நின்னுக்கறேன். தொழில் முக்கியம், அப்பாவ நம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. நீ போயி இந்த லிஸ்டுல இருக்கறதெல்லாம் போட்டோ எடுத்துட்டு வா. முதுகு நல்லாத் தெரியற மாதிரி எடு. எனக்கு அது போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்த முகமாகச் சொன்னாள். உண்மையாகவே போதும் என்பதுபோல், எந்தப் பேனாவால் எண் போட்டாளோ அதை மூடியில் செருகி வைத்தாள். இருபது வருஷக் குடும்பத்தில் அவள் தனக்கென்று கேட்டது இந்த ஒரு காலைப்பொழுது. அதைத் தட்டிப் பறித்தவன் நான், அதுவும் வெட்டி வீறாப்புக்காக.

"அவரு வர வேண்டாம்," என்றேன்.

"ஏங்க, பாவம்."

"வேண்டாம்னா வேண்டாம்." மேஜையைத் தட்டினேன். என் மேலேயே வந்த கோபம். "அவருக்குப் பயிற்சியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு ஹைவேல ஓட்டப் பயம். போதுமா?"

மைத்துனன் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டுத் தெரு, பக்கத்து இருக்கை, போலீஸ்காரர் சல்யூட், எல்லாம்.

"அப்ப அன்னிக்கு கல்யாணத்துக்குப் போறப்ப பஞ்சர்?" என்றாள் மகள்.

"பஞ்சர் இல்ல."

மனைவியின் கண் விரிந்தது. "டயரக் கழட்டினீங்களே!"

"நல்ல டயர்தான்."

"ஒன்றரை மணி நேரம்! பட்டுப்புடவையோட வெயில்ல நின்னேன்! நட்டெல்லாம் என் கைலதானே குடுத்து வெச்சிருந்தீங்க! 'பத்திரம், தொலச்சிடாத'ன்னு வேற சொன்னீங்களே, மனுஷா!"

"தொலஞ்சிருந்தா மாட்டியிருக்க முடியாதே," என்றேன். வேறென்ன சொல்வது?

அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மைத்துனன் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டான். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பயப்படற அந்த லாரிய ஓட்டறவங்கள்ல பாதிப் பேரு உங்ககிட்டத்தான்ப்பா வண்டி பழகியிருப்பாங்க," என்றாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். ஐந்து வருஷமாக மென்று விழுங்கியதை வெளியே துப்பியதும் உடம்பே லேசாகிவிட்டது, உண்மையைச் சொன்னால்.

சிரித்து ஓய்ந்ததும் மனைவி கேட்டாள்: "பக்கத்து சீட்டுல உக்காந்தா மட்டும் ஏன் பயம் இல்ல?"

"கால்கிட்ட பிரேக் இருக்கே."

"ஓட்டற பக்கமும் இருக்குமே?"

"இருக்கும். ஆனா அங்க உக்காந்து நான் தப்பு பண்ணிட்டா, புடிச்சு நிறுத்தப் பக்கத்துல ஆள் இல்லயே. அவங்களுக்கெல்லாம் நான் இருக்கேன். எனக்கு யாரு?"

அவள் யோசித்தாள். பைண்டிங்கில் தப்பாகப் போன தையலைப் பிரிப்பதற்கு முன் அப்படித்தான் உதட்டை மடித்துக்கொண்டு யோசிப்பாள். "சரி, நான் உக்கார்றேன். எனக்கு அந்த பிரேக்க மட்டும் சொல்லிக் குடுங்க."

எனக்குத் திக்கென்றது. அவளுக்கு வண்டி சொல்லிக்கொடுக்கப் போய் மூன்றாம் நாளே எங்கள் வாழ்க்கை நடுத்தெருவுக்கு வந்துவிடும்போல் ஆனது பழைய கதை. ஆனாலும் வேறு வழியில்லை. திங்கட்கிழமையிலிருந்து வியாழன் வரை, அவள் கடை மூடியதும் எட்டுத் தெருவில் சுற்றினோம். நான் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கப் பழகினாள். அப்பப்பா, என்ன மிதி! வாசலில் படுத்திருந்த நாய் காதை ஆட்டினால் மிதித்தாள். எதிரில் ஒரு சைக்கிள் வந்தால் மிதித்தாள். தபால் பெட்டி சிவப்பாக இருக்கிறதே என்று மிதித்தாள். என் நெற்றி இரண்டு தடவை ஸ்டியரிங்கில் இடித்தது. ரவுண்டானாவில் அவள் மிதித்த மிதிக்கு, பின்னால் வந்த பால் வண்டிக்காரர் இறங்கி வந்து என்னிடம், "சார், புது அட்மிஷனா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டுவிட்டுப் போனார்.

"போதும், நல்லா வந்துடுச்சு," என்றேன் வியாழக்கிழமை, நெற்றியைத் தடவிக்கொண்டு. "சனிக்கிழம முழுக்கக் காலு அங்கேயே இருக்கணும். எடுக்கவே கூடாது. சத்தியம் பண்ணு."

"எடுக்க மாட்டேங்க," என்றாள்.

சனிக்கிழமை வெளிச்சம் வரும்போது கிளம்பினோம். கழுத்தை எந்தப் பக்கமும் திருப்பாமல் நேரே பார்த்து உட்கார்ந்தேன். கண்ணாடியில் மட்டும் பின்னால் பார்ப்பேன், பக்கத்தில் பார்க்கவே மாட்டேன். ஹைவே ஏறும் இடம் வந்தது. நிறுத்தினால் மறுபடி முக்கால் மணி நேரம் நிற்பேன் என்று தெரியும். "கால் பிரேக்ல இருக்கா?" என்றேன்.

"இருக்குங்க."

ஏறிவிட்டேன். முதல் லாரி எங்களைத் தாண்டியபோது உள்ளங்கை ஈரமாகி ஸ்டியரிங் வழுக்கியது. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து கத்துவதுதான். பக்கத்தில் மாணவர் இல்லாததால் என்னையே திட்டிக் கத்தினேன். "கண்ணாடி பாரு! எங்க பாக்கற நீ? ஓரம் வா! தைரியம் இல்லாதவன் எதுக்குய்யா வண்டி எடுக்கற?"

"சார், கிளட்ச் சார்," என்று பின்னாலிருந்து மைத்துனன் எடுத்துக்கொடுத்தான்.

"வாய மூடு மாப்ள! பிரேக்ல கால் இருக்கா?"

"இருக்குங்க, நீங்க ஓட்டுங்க," என்றாள் மனைவி.

பத்தாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து அதே மாதிரி ஒரு ஹாரன். கை விறைக்கப் பார்த்தது. கேட்டேன். இருக்கிறது என்றாள். கை இளகிவிட்டது. லாரி தன்பாட்டுக்குத் தாண்டிப் போயிற்று. ஐம்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு கேட்பது குறைந்தது. எண்பதில் நானே ஒரு லாரியைத் தாண்டினேன். தாண்டிவிட்டு, சின்னப் பிள்ளைபோல் ஹாரன் ஒன்று அடித்தேன். பின்னால் இருவரும் கைதட்டினார்கள். ரோடு இவ்வளவு அகலம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. காலை வெயிலில் இரண்டு பக்கமும் மரங்கள் ஓடின, எனக்கு யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

எட்டு முப்பத்தைந்துக்கு அந்த ஊர். கல் பாவிய தெருக்கள், சைக்கிளில் போகிற பிள்ளைகள், தூரத்தில் மணிக்கூண்டு. நூலகத்துக்கு எதிரே மரத்தடியில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இப்ப காலை எடுத்துக்கோ," என்று சொல்லி, அன்றைக்கு முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நானூற்றுப் பன்னிரண்டு தலைப்புப் பட்டியல். செருப்பு இரண்டும் கழற்றிக் கதவோரம் கிடந்தது.

"எப்ப எடுத்த?" என்றேன்.

"நம்ம தெரு முனை திரும்பினதும்."

பின்னால் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது! எனக்கு வந்ததே கோபம். "அறிவிருக்கா உனக்கு? நாலு உசுரு! சத்தியம் பண்ணியே! நூத்து முப்பது கிலோமீட்டர் பிரேக்ல ஆளே இல்லாம வந்திருக்கேன்! ஏதாவது ஆகியிருந்தா?"

அவள் பட்டியலை மடித்தாள். "நான் மிதிக்கிற மிதிய நாலு நாளா பாத்தீங்கல்ல. பின்னால லாரி வரும்போது நான் பயந்துபோயி ஒரு மிதி மிதிச்சா என்ன ஆயிருக்கும்? நான் நல்லா யோசிச்சுத்தான் பண்ணேன். உங்க ஓட்டத்த நம்பலாங்க. என் மிதியத்தான் நம்ப முடியாது."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சந்தோஷத்தில்தான், ஆனால் அழுகை அழுகைதானே. மைத்துனன் பின்னாலிருந்து கைக்குட்டையை நீட்டினான். ஒரு கிண்டலும் பண்ணவில்லை. மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கினாள். அவளுக்கு அதற்குமேல் நேரமில்லை, எதிரே நூலகம் இருந்தது.

நாங்கள் போய்ச் சேரும்போது அவள் வாசலில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது அடித்தது. உள்ளேயிருந்து ஒரு அம்மா பெரிய கதவைத் திறந்து, அனுமதிச் சீட்டை வாங்கி, பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்கதானா அது! வாங்க, வாங்க. காலைல இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்களே, ரயில் பத்து நாப்பதுக்குத்தானே வரும்?"

"இல்லங்க," என்றாள் என் மனைவி. "எங்க வீட்டுக்காரர் ஓட்டிட்டு வந்தாரு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஈரச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றேன்.